அம்மாவை மாற்றாந்தாய் ஆக்கியவர்

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஸ்னோ வொயிட்டைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கொல்லச் சொன்னது யார்?

மாற்றாந்தாய்னு சொல்லியிருப்பீங்க. 1937-ல் வந்த டிஸ்னி படம் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஆனால் 1812-ல் கிரிம் சகோதரர்களின் புத்தகத்தில் இந்தக் கதை முதன்முதலாக அச்சில் வந்தபோது, வேடனைக் கூப்பிட்டு அந்தக் குழந்தையைக் கொல்லச் சொன்னவள் அவளைப் பெற்ற தாய். பனி மாதிரி வெள்ளையாக ஒரு பெண் வேண்டும் என்று ஆசைப்பட்ட அதே தாய். 1819-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் குழந்தை பிறந்ததும் ராணி இறந்துவிடுகிறாள், ஒரு வருடம் கழித்து ராஜா வேறு கல்யாணம் செய்துகொள்கிறார். சேர்ந்தது ரெண்டே ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியில் பெற்றவள் நல்லவளாகச் செத்துப்போனாள், கெட்டது எல்லாம் புதிதாக வந்தவள் தலையில் விழுந்தது.

அந்த ரெண்டு வரியைச் சேர்த்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் வில்ஹெல்ம் கிரிம். "கிரிம் சகோதரர்கள்" என்று சேர்த்தே கேட்டுப் பழகியதால் இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி நமக்குத் தோன்றும். கிடையாது. அண்ணன் யாக்கோப் வேறு, தம்பி வில்ஹெல்ம் வேறு. கதைகளை உட்கார்ந்து திருத்தித் திருத்தி இன்று நாம் படிக்கிற வடிவத்துக்குக் கொண்டு வந்தது பெரும்பாலும் தம்பிதான்.

வெப் சீரிஸ் பார்க்கிற எல்லோருமே இப்போ கேரக்டர் ஆர்க் பற்றிப் பேசுறோம். முதல் சீசனில் வில்லியாக இருந்தவள் மூன்றாவது சீசனில் அழுதால், ரைட்டர்ஸ் நல்லா டெவலப் பண்ணியிருக்காங்கன்னு சொல்றோம். ஒரு கதைக்குள்ளே ஒரு பாத்திரம் மாறுவது நமக்குத் தெரிந்த விஷயம். ஒரே கதை, ஒரே சம்பவம், ஆனால் பதிப்புக்குப் பதிப்பு பாத்திரம் மாறுவது? வில்ஹெல்ம் அதை 45 வருடம் செய்தார். ஏழு பெரிய பதிப்புகள்: 1812–15, 1819, 1837, 1840, 1843, 1850, 1857. நம்ம பாஷையில் சொன்னால் வெர்ஷன் 1-ல் இருந்து வெர்ஷன் 7 வரை எல்லா கமிட்டும் பெரும்பாலும் ஒரே ஆளிடமிருந்து.

வில்ஹெல்ம் 1786 பிப்ரவரி 24-ல் ஜெர்மனியின் ஹானாவ் ஊரில் பிறந்தார். யாக்கோப் அவரைவிட ஒரு வயது மூத்தவர். அப்பா சட்டம் படித்த அரசு அதிகாரி. ஸ்டைனாவ் என்ற ஊரில் அவருக்குப் பெரிய வீடு, வேலையாட்கள், ஊர் மரியாதை எல்லாம் இருந்தது. 1796-ல் அவர் திடீரென்று இறந்துபோனார். அந்த வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். அம்மா டோரதேயா ஆறு பிள்ளைகளோடு வெளியே வந்தார். யாக்கோபுக்கு வயது 11, வில்ஹெல்முக்கு 10.

காப்பாற்றியது பெரியம்மா. அம்மாவின் அக்கா ஹென்ரியெட்டா, காசெல் அரண்மனையில் ராணியம்மாவுக்குத் தோழியாக இருந்தவர். 1798-ல் இரண்டு பையன்களையும் காசெலுக்கு வரவழைத்துப் படிக்க வைத்தார். பையன்கள் வெறிபிடித்தது போலப் படித்தார்கள். அந்த வருடங்களில்தான் வில்ஹெல்முக்கு மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் ஆரம்பித்தன. பிறகு ஆயுசு முழுக்க அது விடவே இல்லை. அண்ணன் தெருத்தெருவாக, நாடுநாடாக வேலைக்காக அலைந்தபோது தம்பி பெரும்பாலும் மேசையருகிலேயே இருந்தார். கதைகள் அவர் கையில் தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

அண்ணனும் தம்பியும் மார்பூர்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார்கள். அப்பா மாதிரி அதிகாரி ஆவது பிளான். (வீட்டில் சொன்ன கோர்ஸ் ஒன்று, மனசு போன இடம் வேறொன்று. நமக்குப் புரியாததா!) அங்கே சாவிக்னி என்ற இளம் பேராசிரியரின் வீட்டு நூலகத்தில் பழைய ஜெர்மன் பாடல்களும் சுவடிகளும் கண்ணில் பட்டன. அவர் மூலம் கிளெமென்ஸ் ப்ரென்டானோ, ஆகிம் ஃபான் ஆர்னிம் என்ற இரண்டு எழுத்தாளர்களின் பழக்கம். அவர்கள் நாட்டுப்பாடல்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். ப்ரென்டானோ கேட்டதால் கிரிம் சகோதரர்கள் கதைகளையும் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

காலம் நல்ல காலம் இல்லை. நெப்போலியன் படை வந்து காசெலைப் பிடித்தது. அவருடைய தம்பி ஜெரோம் அங்கே ராஜாவானார். 1808-ல் அம்மாவும் இறந்தார். வீட்டில் அண்ணன் ஒருவருக்குத்தான் சம்பளம். நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஓட்டிய நாட்கள் இருந்தன. 1809-ல் வில்ஹெல்மின் இதயம் மோசமாகி, ஹாலே நகரத்து மருத்துவரிடம் மாதக்கணக்கில் சிகிச்சை. இந்த நிலையில் உட்கார்ந்துதான் ராஜகுமாரிகளின் கதைகளை எழுதி வைத்தார்கள்.

ஒரு கற்பனை நம்மிடம் உண்டு: இரண்டு அண்ணன் தம்பி கிராமம் கிராமமாக நடந்துபோய், குடிசை வாசலில் உட்கார்ந்து கிழவிகளிடம் கதை கேட்டார்கள் என்று. அப்படி நடக்கவில்லை. கதை சொன்னவர்களில் நிறையப் பேர் காசெல் நகரத்து நடுத்தரக் குடும்பத்துப் படித்த பெண்கள், அதிலும் இளம்பெண்கள். மார்க்கெட் தெருவில் எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர் வில்டின் மகள்கள். ஹாசன்ஃப்லுக் குடும்பத்துச் சகோதரிகள், அவர்கள் வீட்டில் பிரெஞ்சுப் பழக்கம் உண்டு. இந்தப் பெண்களின் பெயர்கள் புத்தகத்தின் அட்டையில் எங்கும் இல்லை. ஆனால் வில்ஹெல்ம் தன் சொந்தப் பிரதியின் ஓரங்களில் யார் எப்போது சொன்னார்கள் என்று கையால் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் இன்று நமக்கு அவர்களைத் தெரிந்திருக்காது.

1812 டிசம்பரில் முதல் தொகுதி வந்தது. 86 கதைகள், 900 பிரதிகள். படம் ஒன்றுகூட இல்லை, ஆனால் ஆய்வுக் குறிப்புகள் நிறைய. குழந்தைகளுக்கான புத்தகமா, அறிஞர்களுக்கான புத்தகமா என்று யாருக்கும் புரியவில்லை. குழந்தைகள் கசாப்புக்கடை விளையாட்டு விளையாடி ஒருவனையொருவன் அறுக்கிற கதைகூட அதில் இருந்தது. இதையெல்லாம் பிள்ளைகளிடம் எப்படிக் கொடுப்பது என்று நண்பர் ஆர்னிமே ஆட்சேபித்தார். இது குழந்தைகளுக்காக எழுதியதில்லை என்று யாக்கோப் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். வில்ஹெல்ம் வாதாடவில்லை. பேனாவை எடுத்தார்.

1815-ல் இரண்டாம் தொகுதி வந்த பிறகு யாக்கோப் இலக்கணம், மொழிவரலாறு என்று போய்விட்டார். மொழியியல் படிக்கிறவர்களுக்கு "கிரிம் விதி" தெரிந்திருக்கும், அது இவருடையது. கதைகள் தம்பியின் பொறுப்பு ஆயின.

இப்போ அந்தத் திருத்தங்களைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் கதையை எடுத்துக்கோங்க. 1810-ல் எழுதிய கையெழுத்துப் பிரதியில் அந்தப் பெண்ணின் பிரச்சனையே தலைகீழ். அவளுக்கு நூல் நூற்க வேண்டும், ஆனால் கையில் வருவதெல்லாம் தங்கம்! சாதாரண நூல் வரவில்லையே என்று அழுகிறாள். குள்ளன் வந்து உன்னை ஒரு ராஜகுமாரன் கட்டிக்கொள்வான் என்று சொல்லி, பதிலுக்கு முதல் குழந்தையைக் கேட்கிறான். பிறகு அவன் பெயரைக் கண்டுபிடிக்க அவள்தான் தன் வேலைக்காரியைக் காட்டுக்கு அனுப்புகிறாள். வேலையை முடிப்பவர்கள் இரண்டு பெண்கள். 1812 அச்சில் அவள் அப்பன் அடித்த வீண் பெருமையால் மாட்டிக்கொண்ட மில்காரன் மகளாகிவிட்டாள். வைக்கோலைத் தங்கமாக்கச் சொல்லி ராஜா அடைத்து வைக்கிறார். குள்ளனின் பெயரும் தற்செயலாக, வேட்டைக்குப் போன ராஜாவின் வாயிலிருந்தே வருகிறது. 1819-ல் அதையும் மாற்றி ஒரு தூதனை வைத்தார் வில்ஹெல்ம்.

அந்தக் குள்ளனின் முடிவும் மாறிக்கொண்டே போகிறது. கையெழுத்துப் பிரதியில் அகப்பையில் ஏறி ஜன்னல் வழியே பறந்து போகிறான். 1812-ல் கோபமாக ஓடிப்போகிறான், திரும்பி வரவே இல்லை. 1819-ல் தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொண்டு சாகிறான். ஒன்பதே வருடத்தில் ஒரு காமெடி கேரக்டர் பயங்கர வில்லனாகிவிட்டது. கவனிச்சீங்களா, அவன் செய்த குற்றம் எந்தப் பதிப்பிலும் கூடவில்லை. தண்டனைதான் கூடியது.

ஹான்சல், கிரெட்டல் கதையில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்னதும் முதலில் பெற்ற தாய்தான். 1840-ல் வந்த நான்காம் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். அதே சமயம் அப்பாவின் துக்கமும் தயக்கமும் பதிப்புக்குப் பதிப்பு நீண்டன. சம்மதித்தது அவரும்தான். ஆனால் கடைசிப் பதிப்பைப் படிக்கும்போது அவர் மேல் நமக்குக் கோபமே வராது. அதுதான் எடிட்டிங்கின் பலம். கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

ராபுன்செல் கதையில் ஒரு அழகான பக் இருக்கு. 1812-ல் கோபுரத்தில் இருக்கிற பெண் தேவதையிடம், என் சட்டை எல்லாம் ஏன் இறுக்கமாகுது என்று கேட்டு மாட்டிக்கொள்கிறாள். கர்ப்பம்! விமர்சனம் வந்ததும் வில்ஹெல்ம் அதை எடுத்துவிட்டார். அடுத்த பதிப்பிலிருந்து அவள், ராஜகுமாரனைவிட நீங்க ஏன் இவ்வளவு கனமா இருக்கீங்க என்று கேட்டு மாட்டிக்கொள்கிற அசடாகிறாள். சரி, ஆனால் கதை முடிவில் அவளோடு இரட்டைக் குழந்தைகள் இருக்கிறார்களே? அவர்களை அவர் எடுக்கவே இல்லை. ஃபங்ஷனை டெலீட் பண்ணிட்டு கால் பண்ற வரியை விட்டுவிட்ட மாதிரி. 1857-ன் ஏழாம் பதிப்பிலும் அந்த இரட்டையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற விளக்கமே இல்லாமல் நிற்கிறார்கள்.

ரூத் பாட்டிக்ஹைமர் என்ற ஆய்வாளர் இந்தப் பதிப்புகளில் யார் எத்தனை முறை பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். சின்ட்ரெல்லா போன்ற நல்ல பெண்கள் பதிப்புக்குப் பதிப்பு வாய் பேசுவது குறைகிறது. கெட்ட பெண்களின் பேச்சு கூடுகிறது. வில்ஹெல்ம் திட்டம் போட்டுச் செய்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் காலத்துக் குடும்பங்களுக்குப் பிடித்த மாதிரி ஒவ்வொரு வாக்கியமாகச் செதுக்கினார், கூட்டிப் பார்த்தால் இது வந்து நிற்கிறது. வேண்டுமென்று செய்யாததாலேயே இது இன்னும் யோசிக்க வைக்குது.

இதில் பெரிய முரண் ஒன்று உண்டு. 1813-லிருந்து டோரதேயா ஃபீமான் என்ற பெண்மணி கிரிம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். பக்கத்து ஊர் தையல்காரரின் மனைவி, காசெலுக்குக் காய்கறி விற்க வருபவர், வயது ஐம்பதுகளின் கடைசியில். சுமார் 40 கதைகள் இவர் தந்தவை. எத்தனை முறை கேட்டாலும் சொல் மாறாமல் சொல்வார், தப்பாகச் சொல்லிவிட்டால் உடனே தானே திருத்திக்கொள்வார் என்று முன்னுரையில் வில்ஹெல்ம் வியந்து புகழ்ந்தார். 1819 பதிப்பில் அவருடைய படமே வந்தது. அதில் அவர் அசல் ஹெஸ்ஸி விவசாயப் பெண்ணாக அறிமுகமானார். உண்மையில் அவர் விடுதிக்காரரின் மகள், பிரான்ஸிலிருந்து வந்த ஹியூகனாட் வம்சம். ஆக, ஒரு சொல்லும் மாற்றாத பெண்ணைப் புகழ்ந்தவர், அந்தப் பெண்ணையே கொஞ்சம் மாற்றித்தான் புகழ்ந்தார். அவர் சொன்ன கதைகளையும் பிறகு விட்டுவைக்கவில்லை.

ஏமாற்றுக்காரரா என்றால் அவசரப்பட வேண்டாம். குழந்தைகளுக்குப் பொருந்தாத சொற்களை நீக்கிவிட்டேன் என்று 1819 முன்னுரையில் வெளிப்படையாகச் சொன்னவர்தான். இன்னொன்று, அவர் திருத்தாமல் விட்டிருந்தால் இந்தக் கதைகள் நம் கைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். 1823-ல் லண்டனில் படங்களோடு வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு நன்றாக விற்றது. அதைப் பார்த்து 1825-ல் 50 கதைகள் மட்டும் கொண்ட சின்னப் பதிப்பை, தம்பி லுட்விக் எமில் வரைந்த படங்களோடு கொண்டு வந்தார் வில்ஹெல்ம். வீடுகளுக்குள் போனது அதுதான்.

அதே 1825-ல் அவருக்குக் கல்யாணமும் நடந்தது. பெண் யார் தெரியுமா? எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரின் மகள் டோர்ட்சென் வில்ட். சிறுமியாக இருந்ததிலிருந்து பழக்கம். ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் உட்பட பல கதைகளைச் சொன்னவர். யாக்கோப் கடைசிவரை கல்யாணம் செய்யாமல் தம்பி குடும்பத்தோடவே இருந்தார். முதல் குழந்தைக்கு அவர் பெயரையே வைத்தார்கள், அது ஒரு வயதுகூட நிறையாமல் இறந்தது. பிறகு ஹெர்மான், ருடால்ஃப், அகஸ்டே என்று மூன்று பேர். 1840-ல் கிரெட்டலின் அம்மாவை மாற்றாந்தாய் ஆக்கியபோது அவர் வெறும் எடிட்டர் இல்லை, மூன்று குழந்தைகளின் அப்பா. தாய் கைவிடுவாள் என்ற வரியை வீட்டில் பிள்ளைகள் முன்னால் படிக்க அவருக்கு மனசு வந்திருக்காது என்பது என் ஊகம்.

இவ்வளவு வளைந்து கொடுக்கிற மனிதர் ஒரு இடத்தில் வளையவில்லை. 1837-ல் ஹானோவர் ராஜா எர்ன்ஸ்ட் அகஸ்ட், 1833-ன் அரசியல் சட்டத்தை ரத்து செய்தார். அந்தச் சட்டத்தின் மேல் சத்தியம் செய்த கோட்டிங்கன் பேராசிரியர்கள் ஏழு பேர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். யாக்கோபும் வில்ஹெல்மும் அதில் உண்டு. ஏழு பேருக்கும் வேலை போச்சு. யாக்கோப் உட்பட மூன்று பேர் மூன்று நாளில் நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. நோயாளி, மனைவி, சின்னப் பிள்ளைகள், 51 வயது, சம்பளம் இல்லை. வில்ஹெல்ம் கையெழுத்தை வாபஸ் வாங்கவில்லை.

வேலை இல்லாத அந்த நேரத்தில் 1838-ல் ஜெர்மன் அகராதி வேலையை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு பிரஷ்ய ராஜா அழைக்க, 1841-ல் பெர்லினில் குடியேறினார்கள். அகராதியின் முதல் தொகுதி 1854-ல் வந்தது. வில்ஹெல்மின் பங்கு டி எழுத்து. அதை முடித்துவிட்டு 1859 டிசம்பர் 16-ல், 73 வயதில் இறந்தார். நாலு வருடம் கழித்து 1863-ல் யாக்கோப் எஃப் எழுத்தில், பழம் என்று பொருள்படும் சொல்லோடு நின்றுபோனார். பிறர் கைமாறி அகராதி முடிந்தது 1961-ல்.

இப்போ நம்ம காலத்துக்கு வாங்க. வில்ஹெல்ம் ஒருத்தியை நல்ல அம்மா, கெட்ட சித்தி என்று இரண்டாக வெட்டினார். இன்றைய எழுத்தாளர்கள் செய்வது அந்த வெட்டைத் திரும்ப ஒட்டுகிற வேலை. "ஒன்ஸ் அபான் எ டைம்" தொடர் 2011-லிருந்து 2018 வரை ஓடியது. அதில் ஸ்னோ வொயிட்டின் சித்தி ரெஜினாவுக்கு ஒரு காதல், ஒரு இழப்பு, வளர்ப்பு மகன் மேல் பாசம் எல்லாம் உண்டு. ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் அதில் மகனை இழக்கப் பயந்த ஒரு கோழை அப்பா. மெலிசா பாஷர்டஸ்ட் 2017-ல் எழுதிய "கேர்ள்ஸ் மேட் ஆஃப் ஸ்னோ அண்ட் கிளாஸ்" நாவல் சித்தி பக்கமும் மகள் பக்கமும் மாறிமாறிக் கதை சொல்கிறது. மரிஸ்ஸா மெயரின் "கில்டட்" (2021) மில்காரன் மகளை, வாயைத் திறந்தாலே கதை அளக்கிற செரில்டாவாக மாற்றியது. பேச்சைத் திரும்பக் கொடுத்திருக்கிறார் பாருங்க! ஒன்றிரண்டு சமயம் இது ஓவராகவும் போகுது. ஒவ்வொரு வில்லிக்கும் ஒரு சோகமான ஃபிளாஷ்பேக் வைத்தால் எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி ஆகிவிடும். ரெஜினாவின் மன்னிப்பு சீசன் சீசனாக இழுத்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

இந்தத் திருத்தங்கள் எல்லாம் நமக்கு எப்படித் தெரிய வந்தது? 1810-ல் ப்ரென்டானோ கேட்டதால் கதைகளின் கையெழுத்துப் பிரதியை அவருக்கு அனுப்பினார்கள். அவர் எதையும் தொலைத்துவிடுவார் என்று தெரிந்ததால் முன்ஜாக்கிரதையாக நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். நினைத்த மாதிரியே அவர் திருப்பித் தரவே இல்லை. தங்களிடம் இருந்த நகலை வைத்துப் புத்தகம் போட்டபின், அது தேவையில்லை என்று கிரிம் சகோதரர்கள் அதை அழித்துவிட்டார்கள். பத்திரமாக வைத்திருந்தது போய்விட்டது. தொலைந்ததாக நினைத்தது அல்சாஸில் ஓலென்பெர்க் மடத்தில் கிடந்தது, 1927-ல் அச்சானது. 1975-ல் ஹைன்ஸ் ரோலெக்கே அதையும் 1812 பதிப்பையும் பக்கத்துப் பக்கமாக வைத்து வெளியிட்டார். முதல் பதிப்பு முழுவதையும் ஜாக் ஸைப்ஸ் ஆங்கிலத்தில் கொண்டு வந்தது 2014-ல்தான். வில்ஹெல்ம் ஓரத்தில் குறிப்பெழுதிய பிரதிகள் காசெலில் இருக்கின்றன, 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன.

ஸைப்ஸின் புத்தகம் கையில் கிடைத்தால் முதலில் ரம்பல்ஸ்டில்ட்ஸ்கினைத் தேடுங்க. சின்னக் கதை, கேன்டீன்ல டீ ஆறுவதற்குள் படிச்சிடலாம். அதில் அவன் இன்னும் சாகலை, கோபத்தில் ஓடிக்கிட்டேதான் இருக்கான்.